முதலாளி அனுப்பிய வொய்ஸ்

எனக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை வாப்பா எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்துகொண்டிருந்தார். கொழும்பில் ஓர் அபாயாக் கடையில் துணி வெட்டும் மாஸ்டர் அவர். கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழன் பின்னேரம் பஸ் ஏறி, இராச் சாப்பாட்டு நேரத்துக்குப் புத்தளத்துக்குப் பக்கத்தில் கரைத்தீவில் வந்து இறங்குவார். வெள்ளி முழுக்க எங்களோடு. சனிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு முதல் பஸ்ஸில் போய்விடுவார்.

அவர் வருகிற நாளில் உம்மா அலுமாரியைத் திறந்து பூப்போட்ட பீங்கானை எடுத்துக் கழுவி வைப்பார். அதில் வாப்பாவைத் தவிர யாரும் சாப்பிட்டது கிடையாது. கைபிடி வைத்த கதிரையும் அவருக்குத்தான். தம்பியும் நானும் காலடியில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வோம். இரண்டு வாரமாகக் கொழும்பில் கண்டதையெல்லாம் வாப்பா எங்களுக்கென்று சேர்த்துக்கொண்டு வந்திருப்பார். ஒரு மணப்பெண் ஏழு தடவை அளவு கொடுத்து ஏழு தடவையும் அளவு மாறிய கதை, லிஃப்டுக்குள் ஆடு ஏறிய கதை. பாதி உண்மை, பாதி எங்களுக்காகச் சேர்த்தது. அவர் உடுப்பில் புதுத்துணி மணக்கும். அந்த மணம்தான் வாப்பாவின் மணம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்கள் நாங்கள். வாப்பா அப்போது எட்டு வயதுப் பிள்ளையாம். வந்த இடத்தில் நிலமும் இல்லை, தோணியும் இல்லை. கைத்தொழில் ஒன்றைப் பழகி, கொழும்புக்குப் போய்ப் பிழைத்தார்கள். கிழமை நாட்களில் தெருவில் நடந்தால் பெண்களையும் பிள்ளைகளையும் இருமுகிற கிழவர்களையும்தான் காணலாம்.

கொரோனா வந்தபோது அத்தனை வாப்பாமாரும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வாப்பா இரண்டு சாரனும் ஒரு துவாயும் கொண்டுவந்தார். கடையைப் பூட்டும்போது முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, திறக்கிற நேரம் தானே சொல்லி அனுப்புவதாகவும் அதுவரை யாரும் அவசரப்பட வேண்டாமென்றும் சொன்னாராம். நாங்கள் நாலைந்து நாள் என்று நினைத்தோம். ஊரடங்கு நீண்டுகொண்டே போனது.

முதல் கிழமை வாப்பா விருந்தாளியாகவே இருந்தார். இரண்டாம் கிழமை பூப்போட்ட பீங்கான் அலுமாரிக்குள் போய்விட்டது. மூன்றாம் கிழமை அவர் குசினிக்குள் நுழைந்தார். பதினாலு வருஷமாகத் துணியை அளந்து வெட்டிய மனிதருக்கு உம்மாவின் தூள் பேணிகள் ஒழுங்கில்லாமல் இருப்பது பொறுக்கவில்லை. சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கி வைத்தார். அன்று பகல் மீன்கறிக்கு மிளகாய்த்தூள் தேடிய உம்மா, முதலாளிக்கு நல்ல புத்தியைக் கொடு றப்பே, இந்த மனிசனைச் சீக்கிரம் கூப்பிட வை என்று உரத்து துஆக் கேட்டார். வாப்பா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். உம்மாவும் சிரித்ததை நான் கண்டேன். அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் அப்போது ஆட்களை வெளியே விட்டார்கள். வாப்பாவின் இலக்கம் வருகிற நாட்களில், உம்மா அவரைச் சாமான் வாங்க அனுப்புவார். அவர் விலை தெரியாமல் ஏமாந்து வருவார். அதுவும் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

பள்ளிவாசலும் பூட்டிக் கிடந்தது. வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று தொழுகைக்கு அழைக்கிற பாங்கிலேயே சொன்னார்கள். அதைக் கேட்டுப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் வாப்பா எங்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தார். அவருக்கு வலப்பக்கம் தம்பி, பின்னால் உம்மாவும் நானும். நோன்பு மாதம் முழுக்க, இரவில் தொழுகிற தராவீஹும் அப்படித்தான். வாப்பா ஓதுகிற குரல் அவ்வளவு அழகு என்பது அதற்குமுன் எங்களுக்குத் தெரியாது. ஆண்பிள்ளைகளுக்கும் பள்ளிவாசல் தூணுக்கும் மட்டும் கேட்கிற விஷயமாக அது இருந்திருக்கிறது. எல்லாரும் இந்த நோய் போகட்டும் என்று கையேந்தினார்கள். நானும் ஏந்தினேன். நோய் போகட்டும் அல்லாஹ், ஊரடங்கு மட்டும் இருக்கட்டும் என்று ஒரு சிறு திருத்தத்தோடு கேட்டேன்.

என் திருத்தம் ஏற்கப்படவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் கொழும்பு திறந்தது. தெருவிலிருந்து ஒருவர் ஒருவராகப் போகத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமா போனார், எதிர்வீட்டுச் சாச்சா போனார். வாப்பா மட்டும் முதலாளி சொல்லி அனுப்பட்டும் என்று காத்திருந்தார்.

நீங்களே போனில் ஒரு கோல் எடுத்துக் கேட்டால் என்ன என்றார் உம்மா. வாப்பா நோன்பு மாதத்தில் ஒருமுறை எடுத்திருந்தார். வருஷத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கிற மாதத்தில் கடை பூட்டிக் கிடந்ததால் முதலாளி குரல் உடைந்துபோய்க் கதைத்தாராம். நொந்துபோன மனிதரை மறுபடி எடுத்து எனக்கு வேலை இருக்கா என்று கேட்பது மரியாதை இல்லை என்பது வாப்பாவின் கட்சி. சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர் சொல்லி அனுப்புவார். இப்படி மரியாதை பார்ப்பதில் எங்கள் வாப்பாவை யாரும் மிஞ்ச முடியாது. முதலாளியும் அதே வகை ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் தொடுதிரைப் போன் ஒன்றுதான், அது வாப்பாவுடையது. எங்கள் ஸ்கூல் ஆசிரியர்கள் பாடங்களைப் போனில் அனுப்பியதால், காலையிலிருந்து பின்னேரம் அஸர் வரை அது என் கையில்தான் இருக்கும். ஒரு நாள் விஞ்ஞான டீச்சரின் குறிப்பை நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளியின் பெயர் மேலே வந்து நின்றது. வொய்ஸ் ஒன்று. வாப்பா பின்வளவில் தம்பிக்குத் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தார். போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"மாஸ்டர், அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், கடை திறந்தாச்சு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஓடர் வந்து கிடக்கு. சனிக்கிழமைக்கு முந்தி வந்து சேருங்க. உங்கட மேசையை நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல."

நல்ல குரல். அதுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. உங்கட மேசை என்று இவர் யார் சொல்ல? வாப்பா எங்கட. பின்வளவில் தம்பி காது கூசுகிறதென்று சிரித்துக்கொண்டிருந்தான், வாப்பா அசையாதடா என்று அதட்டியபடி தானும் சிரித்தார். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். அந்தச் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து, அழித்தேன். எங்கள் போனில் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை என்றுதான் நம்பினேன். பிறகு கொப்பியை எடுத்து ஒளித்தொகுப்பைப் பற்றி மிச்சத்தையும் எழுதி முடித்தேன். எழுத்து கோணவில்லை என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பகல் ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து வாப்பா கேட்பார்.

"முதலாளி ஏதும் போட்டாரா மகள்?"

"இல்ல வாப்பா."

பிறகு அவருக்குப் பின்னால் போய்த் தொழ நிற்பேன். பொய் சொன்ன வாயோடு தொழுகிறோமே என்று முதல் இரண்டு நாள் பயந்தேன். மூன்றாம் நாள் பயம் குறைந்தது. சனிக்கிழமை வந்தது, போனது. வாப்பா வேலிக் கம்புகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டார், உடைந்த கதவைச் செப்பனிட்டார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தபடி யோசித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவர் அங்கே இருந்தார், ஒவ்வொரு காலையும் எழும்பும்போது இருந்தார். அது எனக்குப் போதுமாயிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தபின் உம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் வாப்பா ஒரு நாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று பகல் முழுக்க அழுதேன். வயிற்றுவலி என்று உம்மாவிடம் சொன்னேன். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி படலை திறக்கிற சத்தம் கேட்டது.

வாப்பா வாசலில் நின்றார். கையில் ஒரு சீலைப்பை, அதற்குள் அவருடைய பெரிய கத்தரிக்கோல். அதை அவர் கடையிலேயே விட்டிருந்தது எனக்குத் தெரியும். என்ன இண்டைக்கே திரும்பிட்டீங்க, முதலாளி என்ன சொன்னார் என்று உம்மா அடுக்கடுக்காகக் கேட்டார். வாப்பா உம்மாவைத் தாண்டி உள்ளே யாரையோ தேடுவதுபோல் பார்த்தார். நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாப்பா, நீங்க இனிப் போகமாட்டீங்கதானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"இல்ல மகள். போகல்ல."

அதற்குப் பிறகுதான் உம்மாவின் பக்கம் திரும்பி, கடையில் ஆள் குறைத்துவிட்டார்கள், இந்தக் காலத்தில் யாரைக் குறை சொல்ல என்றார். உம்மா முதலாளியை ஏசத் தொடங்கினார். அந்த ஏச்சு வருஷக்கணக்காக நீடித்தது. ஒவ்வொரு முறையும் வாப்பா, அவர் நல்ல மனிசன், ஏசாதீங்க என்பார். இப்படியும் ஒரு அப்பாவி மனிதரா என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாப்பா வீட்டிலிருந்து அபாயா வெட்டிப் பார்த்தார். கொழும்பில் வேலை போய்த் திரும்பியவர்கள் ஆளுக்கொரு மெஷினோடு உட்கார்ந்திருந்த ஊரில் வெட்டுவதற்குத் துணி வரவில்லை. ஊரடங்குக் காலத்தில் மரக்கறி லொறிகள் வீட்டு வாசலுக்கே வரப் பழகியிருந்தன. ஊரடங்கு போனபிறகும் லொறிகள் நிற்கவில்லை. அதில் ஒன்றில் வாப்பா சேர்ந்தார். கத்தரிக்காயும் குறிஞ்சிப்பிட்டித் தோட்டத்து மிளகாயும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. சத்தமாகக் கதைக்கத் தெரியாதவருடைய குரலைப் பதிந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். புடலங்காய், பூசணிக்காய் என்று அந்தக் குரல் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போகும். எங்களுக்கு ஓதித் தொழுவித்த அதே குரல்தான்.

ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்கு வருகிறார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் களைத்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். சொல்வதற்குக் கதை ஒன்றும் கிடையாது, அவர் காண்கிற ஊரைத்தான் நாங்களும் காண்கிறோம். வியாழக்கிழமைகளில் வருகிற அந்த மனிதருக்காக நான் இப்போதும் ஏங்குகிறேன். அடுத்த அறையில் வாப்பா படுத்திருக்க, வாப்பாவை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? அவரை மறித்து வைத்துக்கொண்டதும் நான்தான், தொலைத்ததும் நான்தான்.

போன வருஷம் புத்தளத்தில் ஒரு கல்யாண வீட்டில் வயதான ஒருவர் நான் யாருடைய மகள் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்தது. அதே கடையில் தைத்தவராம். உங்கட வாப்பா மாதிரி வெட்டுகிற கை இன்னும் அந்தக் கடைக்குக் கிடைக்கவில்லை என்றார். பிறகு, அவரை விலக்கிய நாளில் தானும் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். ஆள் குறைத்ததால்தானே என்று கேட்டேன்.

"ஆர் சொன்ன? ஆள் காணாம முதலாளி அலைஞ்சார். வாப்பாட பதிலுக்கு ரெண்டு கிழமை பாத்துட்டுத்தான் வேற மாஸ்டரைப் போட்டார். அண்டைக்கு வாப்பா வந்து நிக்க, போனைத் திறந்து காட்டினார். இஞ்ச பாருங்க மாஸ்டர், நான் போட்ட வொய்ஸுக்கு நீலம் விழுந்திருக்கு, கேட்டிருக்கீங்க, ஒரு சொல் பதில் இல்லையே எண்டார்."

வாப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"அந்தப் போனையே கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பொறகு, ஓம் முதலாளி, கேட்டனான், பதில் போட மறந்துபோச்சு, மாப் பண்ணுங்க எண்டார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கிட்டார்."

போன் மகளின் கையில் இருந்தது, எனக்குத் தெரியாது என்று வாப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் எப்படியாவது ஒரு மேசை போட்டுக் கொடுத்திருப்பார். அதைச் சொன்னால் நான் பொய்க்காரி என்று கொழும்புவரை தெரிந்துவிடும். வாப்பா அதைச் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை கேட்டதில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், அவர் களைத்து வந்து படுத்துவிடுகிறார்.

அந்தப் பின்னேரம் உம்மாவுக்குப் பதில் சொல்லாமல் வாசலில் நின்றவர் என்னைத்தான் தேடினார். ஏன் மகள் இப்படிச் செய்தாய் என்று கேட்கத்தான் வந்திருந்தார். கொழும்பிலிருந்து வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்த அந்தக் கேள்விக்கு, அவர் வாய் திறப்பதற்கு முன்பே கையைப் பிடித்துக்கொண்டு நான் பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.