ஸ்ரீலேகாவின் ஐஸ் பாட்டில்கள்

நாச்சாரத்தில் அந்த அபார்ட்மெண்டின் மொட்டை மாடிக்கு மண்ணில்லாத விவசாயத்தைக் கொண்டுவந்தவர் சந்திரமோகன்தான். ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற கையோடு வெள்ளைக் குழாய்களில் துளை போட்டு, டிரம்மில் உரத்தண்ணீர் கலந்து, சின்ன மோட்டாரால் அதைச் சுற்றி ஓடவிட்டு லெட்டூஸ் கீரை வளர்த்தார். கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அவர் 'லெட்டூஸ் அங்கிள்'. ஆபீஸில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் யாரும் அவருக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை.

போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து நான்காவது மாடிக்குக் குடிவந்த ஸ்ரீலேகா, "எனக்கும் சொல்லிக் குடுங்க அங்கிள்" என்றாள். சொல்லிக் கொடுத்தார். நாற்றும் கொடுத்தார். அதை நினைத்துத்தான் இப்போது வயிறு எரிந்தது.

டிரம்மின் தண்ணீர் சூடேறினால் வேருக்கு மூச்சு முட்டும்; பழுப்பாகி, வழவழத்து, நாற ஆரம்பிக்கும். சந்திரமோகன் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவதோடு சரி. மே மாதத்தில் அவர் செடிகள் துவண்டுவிடும். இந்த ஊர் வெயிலுக்கு யார் வளர்த்தாலும் அப்படித்தான் என்று நிம்மதியாக இருந்தார். ஸ்ரீலேகாவோ டிரம்மைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மூடியோடு உள்ளே மிதக்கவிட்டாள். உச்சி வெயிலிலும் அவள் தண்ணீர் இருபத்துநாலு டிகிரியைத் தாண்டவில்லை.

"ஐஸ் வச்சு வளக்கறதெல்லாம் ஒரு வளப்பா?" என்றார் மனைவி அலமுவிடம்.

"நம்ம ஃப்ரிஜ்லயும் இடம் இருக்கே. நீங்களும் வைங்க."

"நக்கோ, வேணாம். அவளப் பாத்து நான் கத்துக்கணுமா?"

"கத்துக்க வேண்டாம். அப்புறம் எதுக்கு தினமும் அவ டிரம்முல விரல விட்டுப் பாக்கறீங்க?"

அவர் சாக்கை நனைக்க மாடிக்குக் கிளம்பினார்.

அந்த வாரம் ஸ்ரீலேகா தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினாள். வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்தாள். "ஃப்ரீசர்ல பாட்டில் இருக்குங்க அங்கிள். காலைல ரெண்டு, மதியம் ரெண்டு மாத்தி விட்டாப் போதும். உருகினதத் திரும்ப உள்ள வச்சிருங்க. உங்களத் தவிர யாருக்கு இந்த அருமை தெரியும்?"

முதல் நாள் ஒழுங்காக மாற்றினார். மறுநாள் காலை புதுப் பாட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது அசோசியேஷன் செயலாளர் உமேஷ் மாடிக்கு வந்தான். சந்திரமோகனின் குழாய்களைத் தாண்டி நேராக அவளுடையதன் முன் நின்று படம் எடுத்தான்.

"அரே அங்கிள், ஊட்டி மாதிரி இருக்கு! இனிமே லெட்டூஸ் அக்கான்னு கூப்பிட வேண்டியதுதான்."

சந்திரமோகன் சிரித்தார். உருகிய பாட்டில்களை வெயிலிலேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

மதியம் அலமு கேட்டாள்: "மாடிக்குப் போகலியா?"

"போயிட்டு வந்தாச்சு." சுவரைப் பார்த்துப் படுத்தார். ஒரு நாள்தானே, ஒரு வேளைதானே என்று புரண்டார். தூக்கம் வரவில்லை.

வெயில் சாயும்போது எழுந்து போனார். ஸ்ரீலேகாவின் இலைகள் துணி மாதிரி தொங்கின. தண்ணீரில் கை வைத்தார். குளிக்க விளாவிய பதத்தில் இருந்தது. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். வேர் இன்னும் வெள்ளைதான், நுனியில் மட்டும் லேசான வழவழப்பு. தான் கொடுத்த நாற்று.

நான்காவது மாடிக்கு ஓடினார். ஃப்ரீசரில் மதியத்துக்கான இரண்டு பாட்டில்கள்தான் இருந்தன. காலையில் திருப்பி வைக்காமல் போட்டவை மாடியில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தன. அலமுவின் ஐஸ் தட்டுகளைப் பைகளில் கொட்டிக் கட்டினார். முக்கு ஜூஸ் கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கிவந்தார். தன் டிரம்மில் காற்று ஊதும் பம்பைக் கழற்றி அவளுடையதில் சேர்த்துப் போட்டார். ஈரச் சாக்கையும் அவிழ்த்து அவள் குழாய்கள்மேல் விரித்தார். இருட்டும் நேரத்தில் அவள் இலைகள் மெல்ல நிமிர்ந்தன. தன் டிரம்மை, அவள் ஊரிலிருந்து திரும்பும்வரை, அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து வந்தவள் மாடியில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடையது பச்சையாக இருந்தது. அவருடையது மொத்தமும் அழுகிக் கிடந்தது.

"என்னோடதுக்கு உங்க பம்பைக் குடுத்துட்டு, உங்களோடதை விட்டுட்டீங்களே அங்கிள்!" கண் கலங்கினாள். அன்றே கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதினாள். உமேஷ் கைகூப்பும் படம் போட்டான். இத்தனை பாராட்டு அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஒவ்வொன்றாக அலமு வாசித்துக் காட்டினாள்.

"போதும், நிறுத்து."

"ஏன்? நல்லாத்தானே எழுதியிருக்காங்க." போனைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு மதியம் நீங்க மாடிக்குப் போகல. செருப்பு வாசல்லயேதான் கிடந்தது."

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீலேகா புது நாற்றுகளோடும் ஒரு தெர்மாகோல் பெட்டியோடும் வந்தாள். அவளே அவர் டிரம்மைப் பெட்டிக்குள் இறக்கி, இரண்டு பாட்டில் போட்டாள். சந்திரமோகன் தெர்மாமீட்டரை முதலில் தன்னுடையதில் விட்டார், பிறகு அவளுடையதில். அவளுடையதில் ஒரு டிகிரி குறைவு. பழைய எரிச்சல் அதே இடத்தில் சுருக்கென்றது.

"அடுத்த மாசம் மறுபடி ஊருக்குப் போகணும் அங்கிள். சாவிய உங்ககிட்டயே..."

"அலமுகிட்ட குடும்மா," என்றார் சந்திரமோகன், தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டே.