தலைகீழாய் வரைந்த நேரி

சிலுவையைத் தொட்டுச் சொல்கிறேன், இது என் கண்ணால் கண்டது. கதை விடுகிறான் என்பவர்கள் இத்தாலியில் எங்கள் தஸ்கனிக்கு வரட்டும். ஊர் மன்றத்துச் சுவர் அப்படியேதான் நிற்கிறது.

நான் நூத்தோ, சுவர் ஓவியன். ஆயிரத்து முந்நூற்று இருபத்திரண்டில் ஆற்றுப் பாலத்துச் சண்டையில் தோற்றோம். என் தம்பி செக்கோ திரும்பவில்லை. "அவன் என் பொறுப்பு" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போன சிநேகிதன் நேரியும் திரும்பவில்லை. ஊர்ச் சரித்திரம் எழுதும் செர் லிப்போ ஏட்டில் எழுதிவிட்டார்: 'நேரி கேடயத்தை வீசிவிட்டுப் பெண்பிள்ளைபோல ஓடினான்.'

ஓடினவனை மன்றத்துச் சுவரில் தலைகீழாய்த் தொங்கவிட்டு வரைவது எங்கள் வழக்கம். கையில் வாளுக்குப் பதில் நூல் நூற்கும் தக்கிளி. படம் முடிந்ததும் அவன் வீட்டை இடித்து, பெண்டாட்டி பிள்ளைகளை ஊரைவிட்டே துரத்துவார்கள்.

"உன் சிநேகிதனாச்சே, வரைவியா?" என்றார் செர் லிப்போ.

"நான்தான்யா வரைவேன். பாவிப்பய, என் தம்பியை விட்டுட்டு ஓடியிருக்கான்."

முதல் நாள். மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனாலும் நேரியின் முடி வரைந்த இடம் மட்டும் காயவில்லை...

இரண்டாம் நாள். அவன் கையில் வரைந்த தக்கிளியைக் காணோம். அந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு. திரும்ப வரைந்தேன்.

மூன்றாம் நாள். மதிய மணி அடித்து ஓய்ந்தது. சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் போயிருக்கும்.

சொட்... சொட்...

நான் நின்ற சாரத்துக்குக் கீழே.

குனிந்தேன்.

நேரி! உடம்பெல்லாம் தண்ணீர்...

"நீயுமாடா நம்பின?"

கண் இமைத்தேன்.

ஆள் இல்லை.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். உயிரோடு ஒளிந்திருக்கிறான், என்னை மிரட்ட வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். படத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அன்று சாயங்காலமே வீட்டை இடித்தார்கள். அவன் மனைவி தெஸ்ஸா குழந்தைகளோடு போகும்போது என் முன்னால் காறித் துப்பினாள்.

நான்கு நாள் கழித்து மீனவர் வலையில் இரண்டு பிணங்கள் சிக்கின. சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒருவன் நேரி, மற்றவன் என் தம்பி. தண்ணீரில் மூன்று வாரம் கிடந்திருக்கிறார்கள் என்றார் வைத்தியர். நேரியின் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. ஏழு காயமும் நெஞ்சில்.

செர் லிப்போவிடம் ஓடினேன். "ஏன்யா பொய் எழுதினீரு?"

எழுதிக்கொண்டிருந்த இறகைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. "தோத்த ஊருக்கு ஓடினவன்னு ஒருத்தன் வேணுமில்ல? நான் எழுதினேன். வரைஞ்சது நீ."

இருவரையும் ஒரே குழியில்தான் புதைத்தோம். பிரிக்க முடியவில்லை. தன் இடுப்பு வாரையும் என் தம்பியின் வாரையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான் நேரி.