மூடி திறந்தும் சுற்றிய மெஷின்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நெய்வேலி பக்கத்தில் வடக்குத்து கிராமத்துக்கு வந்து மணிமாறனின் வலது கையை ஒருமுறை பாருங்கள், அப்புறம் பேசுவோம். போன ஆவணியில், பட்டப்பகலில் நடந்தது இது.

மணிமாறன் வாஷிங் மெஷின் மெக்கானிக். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவன் கால் படாத பிளாக் இல்லை. அந்த வலது கைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம். ஸ்பின் தொட்டியின் மூடியைத் திறந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது கெட்டால் மாற்ற மாட்டான். இரண்டு வயரையும் முறுக்கி, சிவப்பு டேப் சுற்றி, டைரக்ட் கொடுத்துவிடுவான். மூடி திறந்திருந்தாலும் சுற்றும். “கைய வுடாம இருந்தா ஒண்ணும் ஆவாதுங்க” என்று சிரிப்பான். பின்தகட்டின் உட்பக்கம் மார்க்கரால் ‘ம’ என்று எழுதி, தேதியும் போட்டுவிட்டுக் கிளம்புவான்.

அன்று மதியம் 2.10. திலகவதியின் குவார்ட்டர்ஸ். அவள் கணவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

“துவைக்குதுண்ணே. ஸ்பின்னுதான் ஆவல.”

“எங்க வாங்குனீங்க?”

“பழைய இரும்புக் கடையில. போன வாரந்தான்.”

பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். டைமர் சரி. கெபாசிட்டர் சரி. மோட்டார் சரி. டிரம்மைக் கையால் சுற்றினான். அரைச் சுற்று வந்தது. நின்றது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி... அழுத்தினான். சட்டென்று விட்டது.

உள்ளே ஏதோ ஒலித்தது. கிலுங்...

2.25. பின்தகட்டைக் கழற்றினான். சிவப்பு டேப். தகட்டில் ‘ம’. 19-8-2021. அவனுடைய கையெழுத்துதான். எந்த வீட்டில் செய்தது என்று நினைவு வரவில்லை.

முறுக்கிய இடம் கருகி விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. புது சுவிட்ச் பையிலேயே கிடந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் வயரை முறுக்கினான். டேப் சுற்றினான்.

கிலுங்... கிலுங்...

காசு ஏதாவது சிக்கியிருக்கும் என்று மூடியைத் திறந்து வலது கையை உள்ளே விட்டான்.

பிளக் தரையில் கிடந்தது. அதை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டிரம் சுற்றியது.

முதல் சுற்றில் மணிக்கட்டு முறிந்தது. மடக்! இரண்டாவதில் முழங்கை. மெஷின் குதித்துக் குதித்து அவனைச் சுவரில் மோதியது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

அலறினான். திலகவதி ஓடி வந்து இழுத்தாள்.

உள்ளே இருந்தும் இழுத்தது.

விரல்கள்... குளிர்ந்த விரல்கள்...

தோள் விலகியது.

கிலுங் கிலுங் கிலுங்...

நின்றது. 2.31.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் சதைக்குள்ளிருந்து ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டை எடுத்தார். “வளையல் கடையில விழுந்தீங்களா?” என்றார். திலகவதி கண்ணாடி வளையல் போடுவதே இல்லை.

கை பிழைத்தது. விரல்கள் மடங்கவில்லை. இனி ஸ்பேனர் பிடிக்க முடியாது. கட்டுப் பிரித்த அன்று அவன் மனைவி சரிதா அழுதுகொண்டே தடவிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வட்ட வட்டமாகத் தழும்பு. இரண்டு முறை எண்ணினாள். இருபத்தொன்று.

மனசு கேட்காமல் மணிமாறன் பழைய இரும்புக் கடைக்குப் போனான். கடைக்காரர் தனகோட்டி முதலில் மழுப்பினார். அவன் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினான். அவர் முகம் வெளுத்தது.

“ரிட்டயர்டு ஆன ராஜ்மோகன் வூட்டு மெஷினுப்பா அது. அவரு பொண்ணு சந்திரா, வளைகாப்பு முடிஞ்சி பிரசவத்துக்கு வந்திருந்துது. ஓடிக்கினு இருக்கறப்போ துணிய அமுக்கறதுக்குக் கைய வுட்டிருக்குது. கை தனியா வந்துட்டுது. ரத்தம் போயே செத்துட்டுது. வயித்துப் புள்ளையும் போச்சு.”

“எப்போங்க?”

“மூணு நாலு வருஷம் ஆவுது. ஆகஸ்ட் இருவது. மொத நாளுதான் எவனோ வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போனானாம். அவன் பேரு கூட யாருக்கும் தெரியல.”

தனகோட்டி தொடர்ந்தார்.

“கைக்கு இருபத்தொண்ணு போட்டு அனுப்பினாங்களாம். அத்தினியும் பச்சை வளையலு.”

மணிமாறன் இடது கையால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.