பாண்டிச்செல்வியின் நான்காம் தேற்றம்

கணிதக் கருத்தரங்குகளில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை வாசித்து முடித்ததும் தலைமை தாங்குபவர், கேள்வி இருக்கிறதா என்று அவையைப் பார்ப்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் வாசித்தவருக்குத் தலைகுனிவு. அதனால் ஒரு கேள்வியை முன்கூட்டியே தோழியிடம் கொடுத்து வைத்துவிடுவோம். அவளும் அப்போதுதான் தோன்றியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து கேட்பாள். விருதுநகர் வட்டாரத்தில் அந்த நடிப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாண்டிச்செல்வியின் கேள்வியும் என்னிடம்தான் இருந்தது.

பாண்டிச்செல்வி ஏழாயிரம்பண்ணைக்காரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற சாது. கோடைக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. இந்தக் கருத்தரங்கு அதற்கு ஒத்திகை மாதிரி.

அவள் ஆய்வை எளிதாகவே சொல்லிவிடலாம். ஒரு பட்டாசு ஆலையில் பல கொட்டகைகள். தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் வேண்டாம். ஒவ்வொரு கொட்டகைக்கும் தன்னிடமே ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதை போட்டு இணைத்த பக்கத்துக் கொட்டகையில் இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை தொட்டி போதும்? நான்காம் தேற்றம் இதற்கும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கொட்டகைக்கும் இரண்டு பாதையாவது இருந்தால், ஏதோ ஒரு கொட்டகை இல்லாமல் போனாலும் மிச்சத்துக்குத் தேவைப்படும் தொட்டிகளின் எண்ணிக்கை அதிகமாகாது என்றது. இல்லாமல் போவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கருத்தரங்கன்று காலைத் தேநீர் இடைவேளையில் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். முகம் வெளுத்திருந்தது.

"வினோலியாக்கா, நாலாவது தேற்றம் தப்புக்கா."

அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் வரைந்திருந்தாள். நடுவில் ஒரு கொட்டகை. சுற்றிலும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒவ்வொன்றும் தன் ஜோடியோடும் நடுவோடும் மட்டும் சேர்ந்திருந்தது. பிள்ளைகளின் காகிதக் காற்றாடிபோல. நடுவில் ஒரு தொட்டி இருந்தால் எல்லாருக்கும் போதும். நடுவை எடுத்துவிட்டால் ஜோடிக்கு ஒன்றாக மூன்று வேண்டும். இவ்வளவு சின்னப் படம். நாங்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் பெரிய பெரிய படங்களாகப் போட்டுச் சரிபார்த்து மகிழ்ந்திருந்தோம்.

முன்பு எனக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தவரும் இப்போது அவளுக்கு வழிகாட்டியுமான ராஜசிங் சார் அந்தப் பக்கம் வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இத வெளிய எடுத்தா ஒரு அத்தியாயமே போயிரும். ஆய்வேட்டத் திரும்ப வாங்கணும். ஒரு வருசம் ஆகும், வேலையும் போயிரும். இன்னைக்கு எழுதுனத வாசிச்சிட்டு எறங்கும்மா. பெறகு பாத்துக்கிடலாம்."

"தப்புன்னு தெரிஞ்சே எப்பிடி சார் வாசிக்க?"

"ஒன்ன வீட்டுக்கு அனுப்பவா நான் இம்புட்டு பாடுபட்டேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வினோலியா, நீங்க அந்தக் கேள்வியக் கேட்டுராதீக."

என்னிடம் இருந்த கேள்வியே அதுதான்: ஒரு கொட்டகையை நீக்கினால் என்ன ஆகும்?

அவர் போனதும் செல்வி என் கையைப் பிடித்தாள். "நீங்க கேளுங்கக்கா. கேட்டா சொல்லிருவேன். நானா ஆரம்பிக்க எனக்கு வாய் வராது."

அவள் முறை வந்தது. மேடையேறினாள். மூன்று தேற்றங்களைச் சொன்னாள். நான்காவதைத் தொடாமல் முடிவுரைக்குத் தாவினாள். தலைமை தாங்கிய வெளியூர்ப் பேராசிரியர் சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேள்வி ஏதும் உண்டா?" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் ராஜசிங் சார் திரும்பிப் பார்க்கவே இல்லை, பின்கழுத்து வேர்த்திருந்தது. நான் எழவில்லை. அவள் நல்லதற்குத்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

"நல்லது. அடுத்தவர் வரலாம்."

நேரம் முடிந்த மணியையும் அடித்துவிட்டார்கள். அவள் இறங்கவில்லை.

"ஐயா, ஒரு கேள்வி இருக்கு. கேக்க வேண்டியவுக கேக்கல. நானே கேட்டுக்கிடுறேன்."

பின்வரிசையில் மாணவிகள் சிரித்தார்கள். அவள் பலகையில் அந்தக் காற்றாடியை வரைந்தாள், நடுவை அழித்தாள், மூன்று தொட்டிகளை வைத்தாள். "கட்டுரையில நாலாவது தேற்றம்னு போட்ருக்கேன். அது தப்புங்க." சிரிப்பு நின்றுவிட்டது.

ராஜசிங் சார் எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேற்றம் தப்புதான். கையெழுத்துப் போட்டவன் நான், நானும் பாக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சான்றிதழ் கொடுத்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. கைதட்டலைப் பார்த்து நிர்வாகம் விதியை மாற்றவில்லை. ஆய்வேட்டைத் திரும்ப வாங்கினாள். கோடை போனது, பட்டம் வரவில்லை.

ஜூனில் அவளுடைய வகுப்புகள் எனக்கு வந்தன. முதல் நாளே சினேகா என்ற பெண் எழுந்தாள்.

"செல்வி மிஸ் ஏன் மிஸ் வரல?"

மழுப்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"அவங்க போட்ட கணக்குல தப்பு இருந்துச்சு. அத அவங்களே எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க."

"அதுக்கா மிஸ் வேலைய விட்டு எடுத்தாங்க?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பலகைப் பக்கம் திரும்பினேன்.