வகுப்பு முழுக்க டாக்டர்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் வேஷம் கட்டி மேடையேறும் ‘நான் என்ன ஆவேன்’ விழா முடிந்த பிறகுதான், அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று பள்ளித் தாளாளர் முடிவு செய்வார். அதனால் பிள்ளைகளின் எதிர்காலத்தைவிடத் தன் எதிர்காலத்துக்காகத்தான் அந்த விழாவில் அவள் மாடாய் உழைத்தாள்.

இந்த முறை வகுப்பு முழுக்க வெள்ளைக் கோட்டில் வந்து நின்றது. பேக்கரி வைக்கப் போவதாக நேற்றுவரை சொன்னவன் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப்.

“எல்லாரும் டாக்டர்னா வைத்தியம் யாருக்குப் பாக்குறது? ஒருத்தராவது நோயாளியா இருங்கடா கண்ணுங்களா.”

வாசலில் நின்ற அம்மா ஒருத்தி பிடித்துக்கொண்டாள். “கோட்டு வாடகைக்கு எடுத்தது படுத்துக்கெடக்கவா டீச்சர்? எம்பொண்ணு பெரியவளாகி நோயாளியா வரணுமா?”

அதற்குள் தாளாளர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் டீச்சரே மேடை பெஞ்சில் ஏறிப் படுத்தாள். டாக்டர்கள் ஈயாய் மொய்த்தார்கள். ஒருத்தி நாக்கை நீட்டச் சொன்னாள். ஒருவன் முழங்காலில் நாடி பார்த்தான். இன்னொருவன் பேனா மூடியால் ஊசி போட்டான். விழா வேலையில் தூக்கம் கெட்டிருந்தவளுக்கு, ஒரு பிஞ்சுக் கை நெற்றியைத் தடவியதும் கண் சொக்கியது. குறட்டையும் வந்தது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தாளாளர் மேடைக்கே ஏறி வந்தார். “என்னம்மா நடிப்பு! அடுத்த வருஷமும் நீங்கதான் நோயாளி!”

டீச்சர் பதறி எழுந்தாள். “அப்ப வேலை உண்டுதானே சார்?”

“உண்டும்மா, படுங்க.”

அவள் படுத்துக்கொண்டாள். டாக்டர்கள் இன்னொரு ஊசி போட்டார்கள்.