தொண்டை அடி

பெங் யோங்ஹேவுக்கு வேலை புகைப்பது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் சீனாவில், ஷென்ஜென் நகரத்து ஷாஜிங் பக்கம் அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் வேப், அதாவது ஆவி இழுக்கிற மின்சிகரெட், செய்கிற தொழிற்சாலை. புதிதாகச் சாறு கலந்து வந்தால் முதலில் இழுத்துப் பார்ப்பவர் பெங். மாம்பழம் மாம்பழமாக இருக்கிறதா, உள்ளே சாறு ஊறும் பஞ்சு கருகிய வாடை வருகிறதா, எல்லாவற்றுக்கும் மேலே 'தொண்டை அடி' சரியாக விழுகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆவி உள்ளே இறங்கும்போது தொண்டையில் சுருக்கென்று ஒரு குத்து விழுமே, அதற்கு அங்கே அதுதான் பெயர். சிகரெட்டை விட்டு வேப்புக்கு வந்தவர்களுக்கு அது இல்லாவிட்டால் மனசு நிறையாது.

வேலை நேரத்தோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மனுஷன் அறைக்கு வந்தும் இழுத்துக்கொண்டே இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி எப்போதோ பிரிந்துபோய் வேறு குடும்பமாகிவிட்டாள், பிள்ளை கிடையாது. ஒற்றைக் கட்டில், ஒரு சோற்றுக் குக்கர், ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் சுவர். வாயில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால் பேச ஆளில்லாதது அவ்வளவாகத் தெரியாது. தனிமை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், தனிமைதான்.

தொண்டை முதலில் வறண்டது, பிறகு எரிந்தது, பிறகு குரலே தேய்ந்துபோயிற்று. தெருமுனை கஷாயக்கடைக்காரி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"உடம்புச் சூடு. நீங்க ஹூனான்காரர்தானே? மிளகாயைக் கிலோ கணக்குல தின்னா வேற என்ன ஆகும்? இதைக் குடிங்க."

கன்னங்கரேலென்று கசப்பு. மடக் மடக்கென்று குடித்தார். பேரிக்காயில் கற்கண்டு போட்டு அவித்துத் தின்றார். கடைசியில், காரத்துக்குப் பேர்போன ஹூனானில் பிறந்தவன் யாரும் செய்யாததைச் செய்தார்: மிளகாயை விட்டார். வெறும் கஞ்சியும் வெந்த கீரையும். பட்டினி கிடப்பதே மேல் என்று அவருக்கே தோன்றியது. சோற்றை விட்டார், சுவையை விட்டார், கையில் இருந்த கருவியை மட்டும் விடவில்லை. எல்லாரும் சூடு என்கிறார்கள், இவருக்கும் அது வசதியாக இருந்தது.

பக்கத்து மேசையில் பேட்டரி சோதிக்கும் நோங் சுன்யே மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"மிளகாய் பாவம் என்னண்ணே பண்ணுச்சு? நாள் பூரா ஆவிய உள்ள விட்டா தொண்டை காயாம என்ன செய்யும்? கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"நிறுத்தினா எனக்கு இங்க என்ன வேலை?"

"அட்டைப்பெட்டி ஒட்டுங்க. முன்ன நான் ஒட்டலையா?"

பெங் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மதியம் அம்மாவிடம் ஃபோனில் பேசுவார். வாரத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். ஊரில் தனியாக இருக்கிறாள், கண்ணில் புரை, யார் கூப்பிடுகிறார்கள் என்று ஃபோனில் பார்க்க முடியாது. குரல்தான் அடையாளம். அந்த மாதம் ஊர் ஒலிபெருக்கியில் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்: பணம் பறிக்கிற திருடன் மகன் மாதிரி பேசுவான், குரல் ஏன் மாறியிருக்கிறது என்றால் ஜலதோஷம் என்பான், உடனே வைத்துவிடுங்கள்.

"அம்மா, நான்தான்."

"எந்த நான்?"

"யோங்ஹே. தொண்டை சரியில்லம்மா."

 அம்மா, வழக்குமன்றத்தில் கேட்பதுபோல் கேட்டாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"கஞ்சி. கீரை."

"மிளகாய்?"

"மிளகாய விட்டுட்டேம்மா, உடம்புச் சூடு..."

"போடா திருட்டுப்பயலே. எம்மவன் மிளகாய் இல்லாம ஒரு வாய் தின்னமாட்டான். உனக்கெல்லாம் வீட்ல ஆத்தா இல்லையா?"

வைத்துவிட்டாள். இவர் மறுபடி கூப்பிட்டார். "அம்மா, அம்மா" என்பதற்குமேல் சொல்ல விடவில்லை. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் எடுக்கவேயில்லை; இனி இந்தக் குரலோடு கூப்பிடுவதில்லை என்று இவரும் விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி அனுப்பலாம்தான். அப்போது மகனுக்கு உடம்புக்கு என்னவோ என்று தெரிந்துபோகும், சாப்பிடாமல் கிடப்பாள். அதனால் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கருவியை வாயில் வைத்தார். அடி விழுந்தது. அன்றைக்குத்தான் அது வலித்தது என்று நினைக்கிறேன். இருந்த ஒருத்தியும் நீ யாரென்று தெரியாது என்றுவிட்டால், அப்புறம் மனிதன் யார்?

டாக்டர், குரல் நாண் வீங்கியிருக்கிறது, ஆவி உள்ளே போகவே கூடாது, தண்ணீர் குடி, பேச்சைக் குறை என்றார். கடைசி யோசனை பெங்குக்குச் சுலபமாக இருந்தது. அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார், கொடுத்தார்கள். முதல் வாரங்கள் நரகம். கை சட்டைப்பையைத் துழாவும், யார் மேலாவது எரிந்து விழத் தோன்றும், விழுவதற்கும் ஆளிருக்காது. நோங் சுன்யே அந்தப் பிரிவுக்கே வந்து வெந்நீர்க் குடுவையை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள். அறையில் சுவரைப் பார்த்து "அம்மா, நான்தான்" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பார். கரகரப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

பழைய குரல் என்று தனக்கே நம்பிக்கை வந்த ஒரு ஞாயிறு, கூப்பிட்டார்.

"அம்மா, நான்தான்."

"என்னடா யோங்ஹே, இத்தனை நாளா எங்க தொலைஞ்ச?" என்றாள், சந்தேகத்தின் சாயல்கூட இல்லாமல்.

"வேலை ஜாஸ்திம்மா."

"நல்ல வேலை போ. இங்க ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு திருட்டுப்பய உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்டா. தொண்டையெல்லாம் கிழிஞ்சு கெடந்தது. நல்லாத் திட்டி வச்சுட்டேன்."

"நல்லதுதாம்மா பண்ண."

"என்ன நல்லது? எனக்கு மனசே ஆறல. திருடன்தான், இல்லைங்கல. ஆனா அம்மா அம்மான்னு கூப்பிட்டான் பாரு, வேற யாருமே இல்லாதவன் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. ஆத்தா இல்லையான்னு வேற கேட்டுப்புட்டேன். இல்லாமக்கூட இருக்கலாமில்ல? இன்னொரு தடவ கூப்பிட்டா, தண்ணி காய வச்சுக் குடிடான்னாவது சொல்லலாம்னு ஃபோன மடியிலயே வச்சுக்கிட்டிருந்தேன். கூப்பிடல."

பெங் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போது வாயைத் திறந்தால் குரல் உடையும். உடைந்த குரல் கேட்டால் வைத்துவிடுவாள்.

"டேய், இருக்கியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.