லிஃப்ட்காரர் வளர்க்காத நாய்

ஊரிலுள்ள உயரமான கட்டடங்கள் எல்லாம் லிஃப்ட்காரருக்கு அத்துப்படி. ஆனால் உள்பக்கமாகத்தான். உச்சி மாடிக்கும் மேலே போவார், மோட்டார் அறையில் குனிந்து நின்று எதையாவது முடுக்குவார், கம்பிக்குக் கிரீஸ் தடவுவார், இறங்கி வந்துவிடுவார். அந்த அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. ஊரையே பார்க்கக்கூடிய உயரத்தில் நின்றுகொண்டு கிரீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. இருப்பது ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் குழாயும் மூக்கில் இடிக்கும். வெளியே மழையா வெயிலா என்பதை அந்தக் குழாயின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

பார்க்கப் பரம சாது. உள்ளே கொஞ்சம் விஷமம் உண்டு. "லிஃப்ட் எப்ப சார் ரெடியாகும்?" என்று யாராவது நச்சரித்தால், "நீங்க படியேறிப் போய்ட்டு வாங்க, அதுக்குள்ள ஆயிடும்" என்று முகம் மாறாமல் சொல்வார்.

அவர் மனைவி பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருகிறவர். "டாக்டர் வந்துக்கிட்டே இருக்காரு", "கொஞ்சம்கூட வலிக்காது" என்ற இரண்டு பொய்களையும் கண் இமைக்காமல் சொல்லிச் சொல்லி நாக்கு நன்றாகப் பழகியிருந்தது. வீட்டில் அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: வால் உள்ள எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. சின்ன வயதில் ஒரு நாய் துரத்தி, தபால்பெட்டி மேல் ஏறி நின்ற அனுபவம் அவருக்கு உண்டு.

ஊர் நடுவில் ஒரு குன்று இருந்தது. அதைச் சுற்றி நகராட்சிப் பூங்கா. ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், ஏதோ தோன்றி, லிஃப்ட்காரர் குன்றின் படிகளில் கால் வைத்தார். பூங்காக் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சார், மேல போகக் கூடாது. ஒன்பது மணி வரைக்கும் நாய் வச்சிருக்கிறவங்க மட்டும்தான்."

"ஒன்பது மணிக்கு நான் வேலையில இருக்கணுமேப்பா. சாயங்காலம் வரட்டா?"

"சாயங்காலம் மேல லைட் கிடையாது. பூட்டிருவோம்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கும் இதே கதைதான்."

ஆபீஸ்காரர்கள் லிஃப்டை நிறுத்த விடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குத்தான் அவருக்கு வேலை அதிகம்.

"அப்ப மனுஷன் எப்பத்தான் மேல போறது?"

"நாய் வாங்குங்க சார்" என்றார் காவலாளி.

விஷயம் வேறொன்றுமில்லை. கீழே புல்வெளியில் நடக்க வருகிறவர்கள் நாய்களைப் பற்றிப் புகார் மேல் புகார் எழுத, அதிகாரிகள் நாய்களை மேலே தள்ளிவிட்டார்கள். இப்படியாக ஊரிலேயே நல்ல காட்சி, காட்சியைப் பற்றிக் கடுகளவும் கவலைப்படாத பிராணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

லிஃப்ட்காரருக்கு இது பொறுக்கவில்லை. சாயங்காலமே ஒரு கடைக்குப் போய், கழுத்துப்பட்டையோடு கூடிய நாய்ச் சங்கிலி ஒன்று வாங்கினார். மறுநாள் காலை அதைக் கையில் சுழற்றிக்கொண்டு மூச்சிரைக்கப் படியருகே ஓடிவந்தார்.

"பார்த்தீங்களா? பட்டையை உருவிக்கிட்டு ஓடிடுச்சு! மேலதானே போச்சு?"

காவலாளி அப்போது ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். காவலுக்கு நிற்கிறவன் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமா ஆமா, பார்த்தேன். கறுப்பா ஒண்ணு. சர்ருனு போச்சு."

"அதேதான்!" என்றார் லிஃப்ட்காரர். தன் நாய் கறுப்பு என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பேர் என்ன சார்?"

தொழில் வாயில் வந்து நின்றது. "பட்டன்."

மேலே போய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே ஆறு ஒரு சோம்பேறியைப் போல வளைந்து கிடந்தது. பாலத்தின் மேல் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்தது. மொட்டை மாடிகளில் துணி காய்ந்தது. எல்லாவற்றுக்கும் அப்பால் நீலமாய் ஒரு மலை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. தான் வேலை பார்த்த கட்டடங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தார். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

அதிலிருந்து தினமும் வந்தார். மேலே வழக்கமாக வருகிறவர்களில் இருவர் அவரோடு பழகிக்கொண்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பஞ்சு உருண்டை போல ஒரு குட்டி நாய் வைத்திருந்தார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், அவருடைய பழுப்பு நாய் வந்ததும் படுத்துவிடும், கிளம்பும்போது தள்ளித்தான் எழுப்ப வேண்டும்.

"உங்க நாய் ஆளுங்ககிட்ட வரவே வராதா தம்பி?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"ரொம்பக் கூச்சம் டீச்சர். ஆளைக் கண்டா புதருக்குள்ள போயிடும்."

"நேத்து நான் பார்த்தேனே. ஒரு காது மடிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமா டீச்சர், பொறந்ததுல இருந்தே."

தலைமையாசிரியை கண்டுபிடித்துவிட்டாரே என்று மருந்துக்கடைக்காரருக்கு ரோஷம். "நெஞ்சுல வெள்ளையா ஒரு திட்டு இருக்கும்" என்று அவர் பங்குக்குச் சேர்த்தார். ஒரு வாரம் கழித்துக் கோபமாகவே வந்தார். "சார், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பட்டன் எங்க நாயோட பந்தைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. போதாததுக்கு என் செருப்பை வேற கடிச்சு வச்சிருக்கு."

லிஃப்ட்காரர் கையைக் கூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டார். புதுப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்று முழுவதும், லிஃப்ட் குழியின் இருட்டில் நின்றுகொண்டு, பிள்ளை முதல் முறையாகக் குறும்பு செய்ததைக் கேட்ட தகப்பனைப் போலத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சங்கிலி கருவிப் பெட்டியின் அடியில் தூங்கும். ஆனால் மருந்துக்கடை என்று ஒன்று இருந்தால் தலைவலி என்று ஒன்றும் வராமலா போகும்? மாத்திரை வாங்கப் போன மனைவியிடம் கடைக்காரர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்கிட்ட நாயைக் கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கச் சொல்லுங்கம்மா."

"எந்த நாயை?"

"பட்டனைத்தாம்மா."

மனைவிக்கு வந்த தலைவலி போய் வேறொன்று வந்தது. தனக்குத் தெரியாமல் வேறெங்கோ ஒரு நாயா? வேறெங்கோ என்றால் எங்கே? யார் வீட்டில்? அதற்குச் சோறு வைப்பது யார்? கருவிப் பெட்டியைக் குடைந்தார். சங்கிலி கிடைத்தது. மோந்து பார்த்தார். கிரீஸ் வாசம்தான் வந்தது. பட்டையில் ஒரு முடிகூட இல்லை.

கேட்கவில்லை. மறுநாள் காலை பின்னாலேயே கிளம்பினார்.

"உங்க நாய் எங்கம்மா?" என்று காவலாளி கேட்க, "மேல எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். மேலே போய்ப் பார்த்தால், பெஞ்சில் கணவர், மடியில் சங்கிலி, சங்கிலியின் முனையில் காற்று.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஒரு கணம்தான் நின்றார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் குன்றே அதிரும்படி கத்தினார்:

"பட்டன்! எத்தனை தடவை சொல்றது? பூச்செடியை விட்டு வெளிய வா!"

எல்லாரும் பூச்செடிப் பக்கம் திரும்பினார்கள். எங்கிருந்தோ காற்று ஒத்தாசைக்கு வந்து ஒரு கிளையை ஆட்டியது.

"ஓடிடுச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க குரலுக்குத்தான் பயப்படுது."

மனைவி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தினார். "நாயெல்லாம் இல்லம்மா. சத்தியமா."

"அதான் கண்ணுக்குத் தெரியுதே. நாயைப் பத்தி யார் கேட்டா?" மனைவி ஆற்றையும் பாலத்தையும் தூரத்து மலையையும் பார்த்தபடி இருந்தார். "இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை நாளா தனியா உக்காந்து பார்த்திருக்கீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

உண்மையில் நாய்ப் பொய்யைவிட அதுதான் பெரிய குற்றம் என்று அவருக்கும் பட்டது. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். மனைவி வந்த பிறகு பட்டனுக்கு ஒரு களை வந்தது. "ராத்திரி பூரா இருமல் டீச்சர், தூங்கவே விடல" என்பார் மனைவி. "பால் வச்சா குடிக்காது, நான் குடிச்ச டம்ளரைத்தான் நக்கும்" என்பார். லிஃப்ட்காரரே சில நேரம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார், அடுத்து என்ன ஆயிற்று என்று.

அப்போதுதான் வாசலில் அறிவிப்புப் பலகை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றின் மேல் தடுப்பூசி முகாம். ஊசி போடாத நாய்க்கு அதன் பிறகு அனுமதி இல்லை.

"செத்துடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றார் மனைவி.

"சேச்சே." லிஃப்ட்காரர் நிஜமாகவே பதறினார். "செத்துட்டா அப்புறம் நாம எப்படி மேல போறது? காணாமப் போயிடுச்சுன்னு சொல்லுவோம். இங்கேயே காணாமப் போச்சுன்னா, தேடறதுக்கு தினமும் விடுவாங்கல்ல?"

மனைவி கணவரை மதிப்போடு பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை அபூர்வம்.

செய்தி பரவியது. தலைமையாசிரியை கண் கலங்கிவிட்டார். காவலாளி, "நீங்க எப்ப வேணாலும் போய்த் தேடுங்க சார், பூட்டறதுக்கு முன்னாடி நானே வந்து சொல்றேன்" என்று சாயங்காலமும் வழி விட்டார். கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, ஆற்றில் சூரியன் இறங்குவது வரை பட்டனைத் தேடினார்கள். அவ்வளவு சுகமான துக்கத்தை அவர்கள் அனுபவித்ததே இல்லை.

ஆனால் மற்றவர்கள் நிஜமாகவே தேடினார்கள். தலைமையாசிரியை படம் வரைந்து கொடுக்க, மருந்துக்கடைக்காரர் அதைத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்: கறுப்பு நிறம், மடிந்த காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை முகாம் நடந்துகொண்டிருந்தது. தேடுகிற சாக்கில் லிஃப்ட்காரரும் வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு மனைவியோடு பெஞ்சில் இருந்தார். படிப் பக்கம் ஒரே கூச்சல். மருந்துக்கடைக்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார். அவர் கைக்குள் ஒரு கயிறு. கயிற்றின் முனையில், வர மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி இழுபடுகிற ஒரு கறுப்பு நாய். ஒரு காது மடிந்திருந்தது. நெஞ்சில் வெள்ளைத் திட்டு.

"கிடைச்சிடுச்சு சார்! மார்க்கெட் பின்னாடி படுத்திருந்துச்சு!"

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். நாய் அவரைப் பார்த்து உறுமியது.

"கோவமா இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "பின்ன? தொலைச்சிட்டீங்கல்ல."

"இல்ல... இது வந்து... எங்களுது மாதிரி தெரியல..."

"என்ன சார் சொல்றீங்க? எத்தனை மாசமா தினம் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா பட்டனை?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி நாயைப் பார்த்தார். நாய் ஊசியோடு நின்ற கால்நடை டாக்டரைப் பார்த்தது.

"யாராவது வீட்டுக்காரங்க தலையைப் பிடிங்க" என்றார் டாக்டர்.

லிஃப்ட்காரருக்குக் கை வரவில்லை. கடைசியில், தபால்பெட்டி மேல் ஏறி நின்ற அந்த அம்மாள்தான் மண்டியிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாயின் தலையை இரு கையாலும் பிடித்தார். வாய் பழக்கத்தில் தானாக ஓடியது: "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் சும்மா தொட்டுப் பார்ப்பாரு, அவ்வளவுதான். கொஞ்சம்கூட வலிக்காது."

அந்தப் பொய்யை நாய் நம்பியது. ஊசி ஏறியது தெரியாமல் அவர் புறங்கையை நக்கியது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

அன்று மாலை வால் ஒன்று அந்த வாசலைத் தாண்டியது. பட்டன் வீட்டுக்குள் போய், ஜன்னலுக்குக் கீழே சுருண்டு படுத்து, எந்தக் காட்சியும் வேண்டாமல் குறட்டை விட்டது.

இப்போதும் அவர்கள் குன்றுக்குப் போகிறார்கள். ஆனால் பட்டனுக்குப் படி என்றால் ஆகாது. லிஃப்ட்காரர்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஊரை எல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவருக்குத் தன் நாயை ஏற்றி வைக்க ஒரு லிஃப்ட் இல்லை. மேலே போனாலோ, சரக்கு ரயிலைக் கண்டால் குரைக்கும், தலைமையாசிரியையின் குட்டியை விரட்டும், மருந்துக்கடைக்காரரின் செருப்பை இந்த முறை நிஜமாகவே கடித்துத் துப்பும். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொள்வது என்று முறை வைத்திருக்கிறார்கள்.

"முன்னாடி எவ்வளவு அடக்கமான நாய்!" என்று தலைமையாசிரியை ஆதங்கப்படுவார். "இருக்கிற இடமே தெரியாது. தொலைஞ்சு போய் வந்ததுல இருந்து குணமே மாறிடுச்சு."

"என்ன பண்றது டீச்சர்" என்பார் மனைவி, பட்டன் வாயிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டே. "நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சிடுச்சுல்ல."